கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. மற்றபடி கல்லுக்குண்டாக இருக்கிறேன். நீ, உன் வீட்டுக்காரி, உன் மகள் வாலு மூவரும் சௌக்கியமா? வாலுக்கு அந்தச் சளித் தொல்லை விட்டதா?

பெரிய சேதி ஒன்று. நம் ஊர் இப்போது தீவு இல்லை. அக்கரைக்கும் நமக்கும் நடுவில் ஓடிய கிளை ஆறு வருஷா வருஷம் மணல் மூடிக்கொண்டே வந்ததல்லவா, அதில் கல்லும் மண்ணும் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள். போன வாரம் திறப்பு விழா. நம் படகுக்காரர் கட்டைக்குரல்தான் முதல் பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் ஊரையே நான் சுமந்தேன். இனிமே என்னை யாராவது சுமக்கட்டும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா படகோடு போன நாளிலிருந்து நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று பேரும் அக்கரைக்காரர்கள். "மாப்பிள்ளை இங்க வந்து குடியிருக்கட்டும், நான் படகு ஏற மாட்டேன்" என்றேன். மூவரும் மாலைப் படகில் போனார்கள், அதோடு சரி. அப்படிப்பட்டவள் நேற்று அந்த ரோட்டில் நடந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். ஒரு லாரிக்காரன் நிறுத்தி, "என்னம்மா, ஏறிக்கிறீங்களா?" என்றான். "தண்ணி எங்கப்பா?" என்று கேட்டேன். "ஏது தண்ணி, கீழ மண்ணுதாம்மா" என்றான். அக்கரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். டீ மட்டம்.

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும், 'அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இரு' என்று எழுதுகிறாய். நானும் தவறாமல், 'நடுவில் ஆறு இருக்கிறதே' என்று எழுதுகிறேன். இப்போது ஆறு இல்லை. நான் வரட்டுமா?

ரோட்டுக்காரர்கள் நம் வீட்டு முன்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டால், "சும்மா கணக்குக்கு" என்கிறார்கள்.

மூவருக்கும் என் அன்பு.
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். உன் முழங்காலைப் பற்றித்தான் கவலை. வெந்நீர் ஒத்தடம் கொடு, படி ஏறுவதைக் குறைத்துக்கொள்.

உன் கடிதத்தை அவள்தான் சத்தமாகப் படித்தாள். லாரிக்காரனிடம் நீ தண்ணீரைத் தேடிய இடத்தில் மூவரும் சிரித்தோம். நீ நடந்தாய் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. உனக்கு எவ்வளவு தைரியம், அக்கா!

வா, வராமல் எங்கே போகப் போகிறாய்? இது உன் வீடு. ஆனால் வாலுக்குப் பரீட்சை நெருங்குகிறது. வீட்டில் பேச்சுச் சத்தமே கூடாது என்று சட்டம். நீயோ வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் இருந்தவள் இல்லை. பரீட்சை முடியட்டும், நானே வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன்.

பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. கோடை வருகிறதல்லவா, ஊரிலுள்ள கருகிப்போன மோட்டார் எல்லாம் புதுச் செம்புக் கம்பி சுற்ற எங்களிடம்தான் வருகின்றன. அதனால்தான் பதில் தாமதம்.

அவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. நீங்கள் எல்லாரும் நலம் என்று படித்ததில் பாதி வலி போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன் என்கிறாய். இப்போது வந்து பார். பேச ஆள் வேண்டாமா? முன்பெல்லாம் கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். திட்டிக்கொண்டே வருவார்கள், காலையில் சிரித்துக்கொண்டே போவார்கள். பல் டாக்டர் ஒருவர் அப்படி வந்து, சும்மா இருக்க முடியாமல் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல பல், வலிகூட இல்லை. "இன்னும் ரெண்டு வருஷத்துல வலிக்கும்மா" என்றார். இப்போது அரை மணிக்கு ஒரு பஸ். யாருக்கும் எதுவும் தவறுவதில்லை. இரண்டு அறையும் காலி. மெத்தை ஈரம் கோத்துவிடக் கூடாதே என்று ஒரு நாள் இந்தக் கட்டில், ஒரு நாள் அந்தக் கட்டில் என்று நானே மாறி மாறிப் படுக்கிறேன்.

சின்னம்மா மகள் வந்தாள். முன்பு வந்தால் நாலு நாள் தங்குவாள். இப்போது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ரோடுதான் வந்திருச்சேக்கா, எப்ப வேணும்னாலும் வரலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் எப்போதும் வர மாட்டார்கள் என்று அர்த்தம்.

பரீட்சை முடிந்ததும் எழுது. எனக்குத் தனி அறை எல்லாம் வேண்டாம், கூடத்தில் ஒரு ஓரம் போதும். வாலுக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டு வருகிறேன். நான் பார்த்தபோது மூன்று வயது, இப்போது பதிமூன்று. அளவு எழுதி அனுப்பு.

அன்புடன்
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. பல் டாக்டர் கதையைப் படித்து ரொம்ப நேரம் சிரித்தேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறாளாம். ஆனால் பார், பட்ட காலிலே படும் என்பது சரியாக இருக்கிறது. வீட்டு ஓனர் திடீரென்று தரையைப் பெயர்த்து ஓடு பதிக்க ஆரம்பித்துவிட்டார். வீடெங்கும் சிமென்ட் தூசி. நாங்களே கால் வைக்க இடமில்லாமல் இருக்கிறோம். முழங்கால் வலியோடு நீ வந்து வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? ஒரு மாதம் போகட்டும்.

அளவு நாடா எங்கேயோ போய்விட்டது. நிற்க வைத்துத்தான் பார்த்தேன். என் சட்டையின் மூன்றாவது பட்டன் வரை வருகிறாள். மெலிந்த உடம்பு. நீலம் பிடிக்கும்.

உன் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். தூசியில் வாலுக்கு மறுபடி சளி பிடித்துவிடப் போகிறது, ஜாக்கிரதை.

உனக்கு எத்தனை சட்டை தைத்திருப்பேன்! மூன்றாவது பட்டன் எவ்வளவு உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதிமூன்று வயதுக்குக் குழந்தை கொஞ்சம் குட்டைதான். பரவாயில்லை, அப்பாவும் குட்டைதானே. நீலத் துணி வாங்கிவிட்டேன். வாங்க அக்கரைக்கு நடந்தே போனேன், இந்த முறை பாதியில் நிற்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. முன்பெல்லாம் உன் கடிதத்தின் அடியில் அவளும் இரண்டு வரி எழுதுவாள். தாளில் அடுப்படி எண்ணெய்க் கறை இருக்கும். இப்போது பட்டறை வார்னிஷ் வாசனைதான் வருகிறது. அவளுக்கு என் மேல் ஏதாவது மனத்தாங்கலா? நான் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று பயமா? நேராகச் சொல்லிவிடு. நான் அழ மாட்டேன்.

எதிர் டீக்கடைக்காரர் சாமானை ஏற்றிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சுவரிலும் சிவப்பு எண் இருந்தது.

அக்கா


ஏப்ரல் 20

தம்பிக்கு,

சுகம்தானே? ஏப்ரல் பிறந்து இருபது நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஓடு பதித்து முடிந்திருக்குமே. நான் கேட்டதில் கோபமா? கோபம் என்றாலும் அதையாவது எழுது. தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்து வாசலுக்கு வருகிறேன். அந்த ஆளும் இப்போது தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமா, உன் மேலா? எனக்குக் காய்ச்சல், அதனால்தான் எழுதவில்லை. இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே. நீ எப்படி இருக்கிறாய்?

அவளைப் பற்றித் தப்பாக நினைக்காதே. உன்னைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் குறைவாகப் பேசியவள் இல்லை. அவளுக்கு வேலை அதிகம், எழுத நேரமில்லை. அவ்வளவுதான்.

அக்கா, நான் வேறொன்று யோசித்தேன். நீ ஏன் அலைய வேண்டும்? நானே அங்கே வந்துவிடுகிறேன். கொஞ்ச நாள் இல்லை, நிறைய நாள். இந்த ஊர் அலுத்துவிட்டது. சாப்பிடும்போது எதிரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்று இருக்கிறது. பட்டறை ஆட்களைச் சொல்கிறேன், யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. கிழக்கு அறையை எனக்கு வைத்திரு. நம் வீடு அங்கே இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

உன் தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்.

கிழக்கு அறை இப்போது முடியாது. கூரை ஒழுகுகிறது, வேலை நடக்கிறது. நீ வராதே. நான்தான் வருகிறேன். ஜூன் பத்தாம் தேதி காலை வண்டிக்கு ஏறுகிறேன். இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன். இனி பரீட்சை, ஓடு எதையும் சொல்லாதே. ஒரு தட்டும் டம்ளரும் என்னுடையதையே எடுத்து வருகிறேன், அவளுக்குப் பாத்திரச் சுமைகூட இருக்காது என்று சொல்.

கவுனை முன்னால் அனுப்புகிறேன். போட்டுப் பார்க்கட்டும். அளவு தவறியிருந்தால் வந்து சரிசெய்கிறேன்.

அக்கா


மே 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னைத் தங்களுக்குத் தெரியாது. தங்கள் தம்பி முன்பு குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கிறேன்.

தாங்கள் அனுப்பிய பார்சல் மழையில் நனைந்து வந்தது. துணி பாழாகுமே என்று பிரித்துக் காயப்போட்டேன். மேலே இருந்த கடிதம் விரிந்து கிடந்தது, கண்ணில் பட்டுவிட்டது. மன்னிக்க வேண்டும். பெட்டியோடு வந்து யாரோ குடியிருக்கும் கதவைத் தாங்கள் தட்டக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். மாடியில் மூன்று வருஷமாக வேறு குடும்பம் இருக்கிறது.

தங்கள் தம்பியின் வீட்டம்மா பாப்பாவை அழைத்துக்கொண்டு தன் தாயாரின் ஊருக்குப் போய்விட்டார்கள். பெரிய சண்டை என்று எதுவும் காதில் விழவில்லை. ஒரு நாள் வண்டி வந்தது, சாமான் ஏறியது. அவர் பட்டறைக்கு மேலே உள்ள சாமான் அறையில் படுத்துக்கொள்கிறார். பட்டறை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஒன்றாம் தேதி விடுமுறை, அன்று இங்கே வந்து, "அக்கா லெட்டர் வந்திருக்கா?" என்று கேட்பார். நான் வாங்கி வைத்துக் கொடுப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு முறை படிப்பார். ஒரு தடவை பல் டாக்டர், பல் டாக்டர் என்று சொல்லித் தனியாகச் சிரித்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி மட்டும் வரவில்லை, காய்ச்சலாம்.

மார்ச் மாதம் கடிதம் படித்துவிட்டு என் கடைக் கண்ணாடி முன்னால் நின்று, மூன்றாவது பட்டனில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல, அளவு" என்றார். கவுனைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. பாப்பா வண்டி ஏறிப்போன அன்றைய உயரம் அது, அம்மா. இப்போது நிச்சயம் போதாது.

தாங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்.

பணிவுடன்
தையல்காரர்


மே 26

மதிப்பிற்குரிய தையல்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் பிரித்துப் படித்ததுதான் எனக்கு நீங்கள் செய்த உதவி.

கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லை. அவன் பொய் சொன்னான் என்று எனக்குக் கோபம் இல்லை. நான் வர முடியாது என்று தெரிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ரோடு வந்ததும் மாட்டிக்கொண்டான். ஆனால் மூன்று வருஷம் அந்தப் பையன் தனியாகச் சாப்பிட்டிருக்கிறானே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நானோ இங்கே உட்கார்ந்துகொண்டு, அவன் பெண்டாட்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் யோக்கியமா? கூரை ஒழுகுகிறது என்று எழுதியது பொய். ரோட்டை அகலப்படுத்த என் வீட்டை இடிக்கிறார்கள். ஜூன் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஜனவரியிலேயே தெரியும். போக்கிடம் இல்லாமல் வருகிறேன் என்று தம்பி வீட்டில் சொல்ல என் வாய் வரவில்லை. ஆசையாக வருகிறேன் என்று எழுதினேன். அவன் என் வீட்டை நம்பியிருக்கிறான், நான் அவன் வீட்டை நம்பினேன். இருவருக்கும் வீடு இல்லை.

இத்துடன் ஒட்டிய கவரில் அவனுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. ஒன்றாம் தேதி கொடுங்கள். பார்சல் வந்ததையோ நீங்கள் எழுதியதையோ அவனிடம் சொல்லாதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிக்க வர மாட்டான். அவனை எனக்குத் தெரியும். கவுனை அளவுக்கு ஏற்ற எந்தக் குழந்தைக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு
அவன் அக்கா


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு தேறிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடு.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நம் வீடு போகிறது. சிவப்பு எண் அதற்குத்தான். கிழக்கு அறையை வைத்திருக்க என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு. நட்டஈட்டில் வேறு வீடு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் கட்டும். ஆறு இருந்த இடத்தை நிரப்பி வரிசை வீடு கட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று பிடித்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு அடுப்படி. நடு ஆற்றில் குடியிருக்கப் போகிறேன், பார்த்தாயா என் தலையெழுத்தை! அதனால் அங்கே வருவதாக இருந்ததை விட்டுவிட்டேன்.

தம்பி, நேராகவே சொல்கிறேன். எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை. சுவர் நாலும் பேசாமல் என்னையே பார்ப்பதற்கு. எனக்கு ஒரு துணை வேண்டும். நீ வந்து என்னோடு இருப்பாயா? வாலு படிப்பு கெடக் கூடாது, அவளும் அம்மாவும் அங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா. அக்கரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் பட்டறைகள் இரண்டு இருக்கின்றன, விசாரித்துவிட்டேன்.

குடும்பஸ்தனை இப்படிக் கேட்பது தப்புதான். அதனால் முதலில் அவளிடம் கேள். அவள் சரி என்றால் வா. வேண்டாம் என்றால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வீடு போவதை நீ தனியாகவே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் எதற்கு இருக்கிறேன்? சாமான் எதையும் நீ தூக்காதே, முழங்காலைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிடுவேன். எல்லாவற்றையும் நான் மாற்றித் தருகிறேன். பட்டறையில் சொல்லிவிட்டேன். என் பெட்டி சிறியதுதான், இடத்தை அடைக்காது.

நீ சொன்னபடி நேற்று ராத்திரி அவளிடம் கேட்டேன், அக்கா. உன் கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தாள். அப்புறம், "அக்கா அங்க தனியா இருக்காங்க, போயிட்டு வாங்க" என்று சொன்னாள்.

உன் தம்பி